வியாழக்கிழமைப் பார்சல்கள்

டோரின் தேநீர்த் தட்டோடு முன்னறைக்கு வந்ததும் குசுகுசுத்துக்கொண்டிருந்த வாய்களெல்லாம் சட்டென்று மூடிக்கொண்டன. அவள் முதலில் ஐறீன் அன்ரியின் முன்னால் தட்டை நீட்டினாள்.

"எடுங்கோ அன்ரி."

"ஐயோ பிள்ளை, இப்பதான் வீட்டில குடிச்சிட்டு வந்தனான்."

அடுத்த கதிரையில் முன்வீட்டுச் சவுந்தரநாயகம் அங்கிள் இருந்தார்.

"எனக்குச் சீனி வருத்தம்தானே பிள்ளை."

"சீனி போடேல்லை அங்கிள்."

"அப்பிடியோ... இல்லை, வேண்டாம். தேத்தண்ணி குடிச்சா எனக்கு ராவில நித்திரை வராது."

அப்போது காலை பத்து மணிகூட ஆகவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு செத்த வீட்டில் தேநீரை வேண்டாமென்று சொன்னவர்களை டோரின் கண்டதில்லை. சிலர் அதற்காகவே காலையிலும் மாலையிலும் வருவார்கள். இஞ்சி போதாது என்று குறை சொல்லிக்கொண்டே அடுத்த கோப்பைக்குக் கை நீட்டுவார்கள். இன்றைக்கென்று பார்த்து ஒழுங்கை முழுவதற்கும் தாகமே இல்லாமற் போய்விட்டது. இத்தனைக்கும் இந்த வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. தேநீர் ஊற்றியது பக்கத்து வீட்டு பைறோஸா. குற்றம் தேநீரில் இல்லை, கோப்பைகளில் இருந்தது. அவை அவளுடைய அண்ணன் ஹெக்டர் குடித்த கோப்பைகள்.

ஹெக்டர் முன்னறையின் நடுவில், மாதா படத்துக்கு முன்னால் படுத்திருந்தான். நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிய வெள்ளைச் சேட்டு. முகத்தில் பூசியிருந்த பவுடருக்குள்ளாலும் காமாலையின் மஞ்சள் தெரிந்தது. பெட்டியின் மேல் ஒரு கண்ணாடிப் பலகை கிடந்தது. "ஈ மொய்க்காமல் இருக்கும்" என்று சொல்லி, பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரரிடம் அதை ஒழுங்குபண்ணியவர் ஐறீன் அன்ரி. செபமாலையை முன்னின்று நடத்துபவர் அவர்தான் என்பதால் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. ஈயைப் பற்றி அன்ரிக்கு அவ்வளவு கவலை முன்பு எப்போதும் இருந்ததில்லை.

அம்மா மேபல் தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கும்போதெல்லாம் கைலேஞ்சியால் துடைத்தார். நேற்றிலிருந்து அவரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் அவருடைய காரணம் வேறு.

பெட்டி மூடுமுன் எல்லோரும் வரிசையாக வந்து செத்தவரின் நெற்றியில் முத்தமிட்டு முத்தி செய்வது இங்கே வழக்கம். சண்டை பிடித்துப் பேசாமல் இருந்தவர்கள்கூட அதற்கு வருவார்கள். டோரினின் அப்பா போனபோது வரிசை ஒழுங்கை முகப்புவரை நின்றது. இன்றைக்கு அந்த வரிசை இருக்காது என்பது மேபலுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று மாலை உடலை வீட்டுக்குக் கொண்டுவரும்போது சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். குண்டு வெடித்த நகரம். செத்தவனையும் நம்ப முடியாது. ஓர் இளம் சிப்பாய் தலையணைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்து, "மல்லி கெனெக் நேத," தம்பி ஒருவன்தானே, என்று சிங்களத்தில் மெல்லச் சொல்லி, கலைந்திருந்த கொலரைச் சரிசெய்துவிட்டான். மலர்ச்சாலை ஆட்களைத் தவிர, வீட்டார் அல்லாத ஒருவர் ஹெக்டரைத் தொட்டது அந்த ஒரு தரம்தான்.

செத்தது எலிக்காய்ச்சலில். மழைக்குப் பிறகு ஒழுங்கையோரக் கழிவுநீர்க் கானைத் துப்புரவாக்க இறங்கியபோது காலில் ஏதோ வெட்டியது. காய்ச்சல் வந்தது, கண் சிவந்தது, சிறுநீர் நின்றது, ஆளே போய்விட்டான். மரணச் சான்றிதழிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. "டொக்ரர்மார் குடும்ப மானத்துக்காக அப்பிடித்தான் எழுதிக் குடுப்பினம்" என்று யாரோ சொல்ல, அதுவே பேச்சாகிவிட்டது.

பேச்சுக்கு ஹெக்டரே விதை போட்டிருந்தான். துறைமுகத்தில் கிளாக் உத்தியோகம், வேலை முடிந்தால் கோயில் இளைஞர் மன்றம். மன்றத்திலிருந்து அவனும் டோரினும் கிளெமென்றும் பிறிஜெற்றும் நோபேட்டுமாக ஐந்து பேர் எச்.ஐ.வி. பற்றிப் பேசப் புறப்பட்டார்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜ்களில், வெளிநாடு போக ஏஜென்ற்மாரை நம்பிக் காத்துக்கிடந்த பெடியன்களிடம் போனார்கள். வயதும் தனிமையும் கொழும்பும் சேர்ந்தால் என்னென்ன நடக்குமோ அதெல்லாம் அங்கே நடந்துகொண்டிருந்தது. பொலிஸ் பதிவுக்கு மட்டும் பயந்திருந்த பெடியன்களிடம் இரத்தத்தையும் ஒருக்கால் பாருங்கோ என்று சொல்வது லேசான காரியமில்லை.

ஹெக்டர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். ஒரு கோப்பை தேநீரைப் பாதி குடிப்பான். "எனக்கு அந்த வருத்தம் இருக்கு எண்டு வையுங்கோ. மிச்சத்தை ஆர் குடிக்கிறீங்கள்?" என்று கோப்பையை நீட்டுவான். பெடியன்கள் முகட்டைப் பார்ப்பார்கள். அப்போது ஆளோடு ஆளாக உட்கார்ந்திருக்கும் நோபேட் எழுந்து வந்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சீனி காணாது" என்பான். சிரிப்பு வரும். சிரிப்புக்குப் பிறகுதான் கதைக்க முடியும்.

அந்த "எண்டு வையுங்கோ" ஊருக்குள் வந்து சேரும்போது கழன்று விழுந்துவிட்டது. அவன்தானே தன் வாயால் சொன்னான், தனக்கு இருக்கு என்று!

மற்றவர்களைப் போகச் சொல்வதற்கு முன் தாங்கள் போகவேண்டும் என்று ஐந்து பேரும் ஒன்றாகக் கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுத்தார்கள். அங்கே பெயர் கேட்பதில்லை, இலக்கம் மட்டும்தான். பெயரில்லாத இலக்கத் துண்டோடு ஒரு தமிழ்ப் பெடியன் சாவடியில் பிடிபட்டால் அதற்கு வேறு விளக்கம் சொல்ல வேண்டிவரும் என்று, இலக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டுத் துண்டைக் கிழித்தார்கள். முடிவு கைக்கு வருமுன் ஹெக்டர் ஒரு சட்டம் போட்டான். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. இல்லை என்று வந்தாலும் சொல்வதில்லை.

"இல்லாதவன் எல்லாம் இல்லை இல்லை எண்டு கத்தினா, வாய் திறக்காதவன் ஆப்பிட்டிடுவான்" என்றான். "அதுக்குப் பிறகு ஒருத்தனும் ரெஸ்றுக்கு வரமாட்டான்."

அதன் பிறகுதான் மாதக் கடைசி வியாழக்கிழமைகளில் ஹெக்டர் அரை நாள் லீவு எடுக்கத் தொடங்கினான். கிளினிக் வாசலில் அவனை ஐறீன் அன்ரியின் மருமகன் கண்டான். அடுத்த மாதமும் கண்டான். வேறென்ன வேண்டும்? அந்த வியாழக்கிழமைகளில் மேபல் வாழையிலையில் இரண்டு சோற்றுப் பார்சல் கட்டிக்கொடுப்பார். "ஒண்டுக்கு மீன் வேண்டாம் மம்மி. முட்டை பொரிச்சு வையுங்கோ" என்பான் ஹெக்டர்.

"கடல் காத்துக் குடிச்சு வளந்திட்டு மீன் தின்னாத சென்மம் ஆரடா அது?"

"ஒரு சிநேகிதன். மீன் திண்டா உடம்பெல்லாம் தடிக்குமாம்."

மேபல் அதற்குமேல் கேட்டதில்லை. டோரினும் கேட்டதில்லை. லொட்ஜ்களில் கோப்பை விளையாட்டு மாறியிருந்ததைக்கூட அவள் பெரிதாக எடுக்கவில்லை. இப்போதெல்லாம் நோபேட்தான் முதலில் பாதி குடித்தான். மிச்சத்தை ஹெக்டர் குடித்தான். ஒரே மாதிரிச் செய்து அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்தாள். அதன் பொருள் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் விளங்கியது. கண்கள் இரத்தமாய்ச் சிவந்திருக்க, ஹெக்டர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, "நோபேட்டைத் தனிய விடாதை. வியாழக்கிழமை ஆராவது அவனோட போகவேணும். மம்மிக்கும் சொல்லாதை" என்றான். பிறகு அவன் பேசியதெல்லாம் காய்ச்சல் பேச்சு.

இப்போது அது டோரினின் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது. கேற் கிறீச்சிடும் ஒவ்வொரு தடவையும் அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். நோபேட் வரவேண்டும் என்றும் இருந்தது. வந்துவிடக்கூடாது என்றும் இருந்தது.

தட்டை அப்படியே குசினிக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். அங்கே கிளெமென்ற் நின்றான். பள்ளிக்கூட நாளிலிருந்து ஹெக்டரின் கூட்டாளி. இரவு முழுக்க அழுத முகம்.

"டோரின், நான் முடிவெடுத்திட்டன். பெட்டி மூட முந்தி எழும்பிச் சொல்லப்போறன்."

"என்னத்தை?"

"அஞ்சு பேரும் ரெஸ்ற் எடுத்தனாங்கள், அஞ்சு பேருக்கும் ஒண்டுமில்லை எண்டு. எனக்கு இல்லை. பிறிஜெற்றைக் கேட்டனான், அவளுக்கும் இல்லை. உனக்கு?"

"சொல்லுறேல்லை எண்டுதானே கதைச்சு வச்சனாங்கள்."

"அது அப்ப. இப்ப வெளியில ஹெக்டர்ர பேர் நாறுது. நீ கேக்கேல்லையே?"

"அண்ணா போட்ட றூல் அது."

"அண்ணாவுக்காகத்தானே நானும் சொல்லுறன்! நீயும் நோபேட்டும் சொன்னாச் சரி. அவன் எங்க? காலமையில இருந்து ஆளைக் காணேல்லை."

"அவனைக் கேக்காதை."

"ஏன்?"

கேட்காதே என்ற சொல்லே பாதியைச் சொல்லிவிட்டது. கிளெமென்றின் நெற்றி சுருங்குவதைக் கண்டு டோரின் அவசரமாக வாயைத் திறந்தாள்.

"ஒருத்தரையும் கேக்காதை எண்டுறன். எனக்கு இருக்கு எண்டு வையன். அப்ப என்ன செய்வாய்?"

கிளெமென்ற் அரை அடி பின்னால் போனான். லொட்ஜ் லொட்ஜாய்ப் போய்த் தொட்டால் ஒட்டாது என்று தொண்டை கிழியக் கத்தியவன். பின்னால் போனது அவனுக்கே உறைத்து, வெட்கத்தில் முகம் கறுக்க மறுபடி முன்னால் வந்தான்.

"டோரின்... உண்மையாவோ?"

"எண்டு வையன் எண்டுதான் சொன்னனான். அதுக்கே நீ பின்னால போறாய். முன்னுக்கு இருக்கிற சனம் என்ன செய்யும்?"

அவன் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தான். குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தான். டோரினுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் நாளைக்கு ஒழுங்கையில் தன் பெயரும் அண்ணனின் பெயரோடு சேர்ந்து நடக்கும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

இரண்டரைக்குப் பெட்டி மூடுவதாக ஏற்பாடு. மயானத்துக்குப் போகும் வழியில் சாவடியில் மறித்தால் எவ்வளவு நேரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. பாதர் வேறு காத்திருப்பார். இரண்டு மணி போல நோபேட் வந்தான். முன்பக்கத்தால் வரவில்லை. பின் ஒழுங்கையால் வந்து, படியிலிருந்த கிளெமென்றுக்குக் கேட்காத தூரத்தில், பைப்படியில் முகம் கழுவிக்கொண்டு நின்றான். முன்பைவிட மெலிந்திருந்தான். கோயிலில் கிற்றார் வாசிக்கும் நீண்ட விரல்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

"டோரின், நான் சொல்லிடுறன்."

அவள் எட்டி, ஓடிக்கொண்டிருந்த பைப்பை மூடினாள்.

"ஹெக்டர் அண்ணா எனக்காகத்தானே அங்க வந்தவர். தனியப் போகப் பயம் எண்டு நான்தான் அழுதனான். வாசல்ல நிண்டதை ஆரோ கண்டிருக்கினம். இப்ப அவர்ர தலையில வந்து விழுந்திட்டுது. உள்ளுக்குப் போய், எனக்குத்தான் எண்டு சொல்லிடுறன்."

சொல்லட்டும் என்று டோரின் நினைத்தாள். ஒளிப்பானேன், அப்படித்தான் நினைத்தாள். ஒரு வசனம் போதும். கண்ணாடி போய்விடும், வரிசை வந்துவிடும், அம்மா தண்ணீர் குடிப்பார். அண்ணன் அண்ணனாகவே மண்ணுக்குப் போவான். பிறகு நோபேட்? அவன் வேலை செய்வது சாப்பாட்டுச் சாமான் கடையில். வீட்டில் இரண்டு தங்கைகள். பின்னேரத்துக்குள் முதலாளி ஆளனுப்பி வரவேண்டாம் என்பார். இரவுக்குள் வீட்டுச் சொந்தக்காரர் கட்டிலை வெளியே வைப்பார். நெற்றியிலிருந்து ஒரு கண்ணாடியை எடுக்க இன்னொருவனை உயிரோடு பெட்டிக்குள் வைப்பதா?

"அண்ணா கடைசியாச் சொன்னது உன்னைத்தான்" என்றாள். "நீ சொன்னா நான் அவருக்கு என்ன பதில் சொல்லுறது?"

"மேபல் அன்ரியின்ர முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு, டோரின்."

"என்னாலயும்தான். வா உள்ளுக்கு. வாயை மட்டும் திறவாதை."

அவள் புதுத் தேநீரோடு தட்டை எடுத்துக்கொண்டாள்.

முன்னறையில் ஐறீன் அன்ரி எழுந்து நின்று செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். மலர்ச்சாலைக்காரர் மூடியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாச்சு, மேபல். கண்ணாடி இருந்தபடியே இருக்கட்டும். தூர நிண்டு கும்பிட்டாலும் ஆண்டவருக்குத் தெரியும்தானே."

"முத்தி?" என்றார் மேபல்.

"இந்த நேரத்தில அதெல்லாம்..." அன்ரி வசனத்தை மென்று விழுங்கினார். சவுந்தரநாயகம் அங்கிள் தன் செருப்பைப் பார்த்தார். ஏறக்குறைய எல்லோருமே செருப்பைத்தான் பார்த்தார்கள்.

மேபல் எழுந்தார். நாள் முழுக்க அந்த ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் பேசாதவரின் குரல் கரகரத்து வந்தது.

"டோரின், இஞ்ச வா. நீயும் அண்ணனும் ஒண்டாத்தானே திரிஞ்சனீங்கள். எல்லாருக்கும் முன்னால சொல்லு. என்ர பிள்ளை மாசா மாசம் ஏன் அங்க போனவன்?"

டோரின் தட்டோடு நின்றாள். கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

"உனக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும் மம்மி."

"சொல்லு."

"சொல்லமாட்டன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஐறீன் அன்ரி சிலுவை போட்டுக்கொண்டார். அம்மாவின் முகம் உடைந்து போவதைப் பார்த்தபடி நிற்க வேண்டியிருந்தது. பெற்ற தாயைச் சபையில் வைத்து அவமானப்படுத்திவிட்டாள்; அண்ணனையும் தன் கையாலேயே புதைத்துவிட்டாள். அப்படித்தான் டோரினுக்கு இருந்தது.

"அன்ரி," குசினி வாசலிலிருந்து நோபேட்டின் குரல். அவன் இரண்டு அடி முன்னால் வந்துவிட்டான். "அன்ரி, அது வந்து... நான்..."

"நோபேட், தேத்தண்ணி எடு!" டோரின் கத்தியேவிட்டாள். செத்த வீட்டில் அப்படிக் கத்தித் தேநீர் கொடுத்ததை அந்த ஒழுங்கை அதற்கு முன் கேட்டிருக்காது.

அவன் திகைத்துப்போய் ஒரு கோப்பையை எடுத்தான். எல்லாக் கண்களும் அவன் மேல். என்ன செய்வதென்று தெரியாமல் குடித்தான். பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை. கோப்பையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றான். மேபல் அவனைப் பார்த்தார். மெலிந்த தோள்களை, விரல்களை, அழுது வீங்கிய கண்களைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார்.

"தம்பி," என்றார். "நீ மீன் சாப்பிடுறேல்லை, என்ன?"

கூடியிருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகன் போன துக்கத்தில் மேபலுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஐறீன் அன்ரி பக்கத்திலிருந்தவரின் கையை அமத்தினார். டோரினுக்கு மட்டும் மீனில்லாத அந்தச் சோற்றுப் பார்சல் நினைவுக்கு வந்தது.

"இல்லை அன்ரி," என்றான் நோபேட். "ஒத்துக்கொள்ளாது."

"முட்டை சாப்பிடுவாய்."

"ஓம் அன்ரி."

மேபல் தலையை ஆட்டினார். அவனருகே போய், அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கினார். உள்ளே பாதி இருந்தது. அவன் வாய் வைத்த பக்கம் எதுவென்று பார்க்கவுமில்லை, கோப்பையைத் திருப்பவுமில்லை. நேற்றிலிருந்து தண்ணீர் குடியாத தாகத்தோடு கடைசிச் சொட்டுவரை குடித்தார். வெறுங்கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு, ஒரு கணம் மகளின் கையைத் தட்டோடு சேர்த்துப் பிடித்தார். கோப்பைகள் கிணுகிணுப்பது நின்றது.

"இந்தக் கண்ணாடியைத் தூக்குங்கோ," என்றார் மலர்ச்சாலைக்காரரிடம்.

அவர் ஐறீன் அன்ரியைப் பார்த்தார். மேபல் காத்திருக்கவில்லை, தானே ஒரு முனையைப் பிடித்துத் தூக்க, அவர் பதறி வந்து மறுமுனையைப் பிடித்தார். மேபல் குனிந்து மகனின் நெற்றியில் முத்தமிட்டார். நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அந்த இடத்தில் தேநீர் ஈரம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. துடைக்கச் சேலைத்தலைப்பை எடுத்தவர் துடைக்காமல் விட்டார். திரும்பிப் பாராமலே பின்னால் கையை நீட்டினார்.

நோபேட் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். குனிந்தான். பின்வாசல் பக்கமிருந்து கிளெமென்ற் வந்து அவனுக்குப் பின்னால் நின்றான். அவன் கையில் வெறுங்கோப்பை இருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் ஒருவரும் எழும்பவில்லை. மலர்ச்சாலைக்காரர் கண்ணாடிப் பலகையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.